துணி துவைக்கும் வெந்நீருக்கு எத்தனை யூனிட் ஆகும்? நீங்களே கணக்குப் போடலாம்

வாஷிங் மெஷினில் 60 டிகிரி பட்டனை அழுத்தக் கை தயங்குகிறதா? பில் எவ்வளவு ஏறும் என்று தெரிந்துகொள்ள ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் போதும். மனதில் வைக்க வேண்டிய எண் 860. ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்கும். ஆகவே:

லிட்டர் × ஏற வேண்டிய டிகிரி ÷ 860 = யூனிட்

படி 1: சூடாகும் தண்ணீர் எவ்வளவு?

பலரும் சறுக்கும் இடம் இது. ஒரு ஓட்டத்துக்கு 50, 60 லிட்டர் என்று கையேட்டில் இருந்தால் அது மொத்தத் தண்ணீர். ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு மெஷின் பொதுவாகச் சோப்புத் தண்ணீரை மட்டும்தான் சூடாக்கும்; அலசுவதெல்லாம் பச்சைத் தண்ணீரில். ஏழு கிலோ மெஷினுக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தண்ணீரைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் விடை நாலு மடங்கு வீங்கிவிடும்.

டாப் லோடில் கதையே வேறு. டிரம் நிறையத் தண்ணீர் வேண்டும். அதில் 50 லிட்டரை 30-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றினாலே 0.58 யூனிட். கீசர் தண்ணீரை ஊற்றினாலும் இதே கணக்குதான்.

படி 2: எத்தனை டிகிரி ஏற வேண்டும்?

குழாய்த் தண்ணீரை ஒரு தெர்மாமீட்டரால் அளந்துவிடுங்கள். சென்னையில் 30 என்று எடுத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. ஊட்டிக் குளிருக்கு 15 என்று வைக்கலாம். மே மாத மதியம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அப்போது 40 டிகிரி சலவை கிட்டத்தட்ட இலவசம், வெயில் உபயம்!

படி 3: கணக்கு

சென்னை, 60 டிகிரி: 15 × 30 ÷ 860 = 0.52 யூனிட்
சென்னை, 40 டிகிரி: 15 × 10 ÷ 860 = 0.17 யூனிட்
ஊட்டி, 60 டிகிரி: 15 × 45 ÷ 860 = 0.78 யூனிட்

துணியும் டிரம்மும் கூடவே சூடாகும், கொஞ்சம் வெப்பம் வெளியேயும் போகும். அதற்கு 20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னையின் 0.52 இப்போது 0.62 ஆகிறது. மோட்டார் எடுக்கும் மின்சாரம் இதில் இல்லை.

படி 4: ரூபாய்

பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி இங்கே உதவாது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும். வெந்நீர்ச் சலவையால் கூடும் யூனிட் மேல்படியில்தான் போய் விழும். அதனால் உங்கள் பில்லின் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள். வாரம் மூன்று முறை 60 டிகிரி என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 16 யூனிட்.

படி 5: சரிபார்த்தல்

பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் கடையில் கிடைக்கும்; 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஓட்டத்தைப் பச்சைத் தண்ணீரில் ஒருமுறையும் 60 டிகிரியில் ஒருமுறையும் ஓட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது உங்கள் கணக்கை விடக் குறைவாக வந்தால், மெஷின் 60 டிகிரியை எட்டவே இல்லை என்றும் இருக்கலாம். சில மெஷின்களின் எக்கோ ஓட்டம் அப்படித்தான்: சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டிவிடும்.