பழைய பிளாஸ்டிக்கை இனங்காணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் தோட்ட பங்களாக்களில் கிடைக்கும் பழைய வானொலிகள், சுவிட்சுகள், படச்சுருள்கள் ஆகியவை எந்தப் பாலிமரால் ஆனவை என்று ஆராய வரும் புதியவர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைக் காண்கிறேன். கருவியைத் துடைக்க மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

பழையதெல்லாம் பேக்கலைட் என்பது

பேக்கலைட் என்பது வேதியியலாளர் பேக்லாண்ட் 1907-இல் உருவாக்கிய பீனால்–பார்மால்டிஹைடு பிசின்; அது இயல்பிலேயே அடர்நிறமுடையது. வெள்ளை சுவிட்சுக்கு அப்பெயரை எழுதுமுன் வெளிர்நிறத்திலும் வார்க்கக்கூடிய யூரியா–பார்மால்டிஹைடு பிசினை நினையுங்கள்.

பூச்சை அளந்துவிட்டு அடித்தளத்தின் பெயரைச் சொல்வது

இத்தவறு இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. தோட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த பழைய எக்ஸ்ரே படங்களை அகச்சிவப்பு நிறமாலைமானியில் (ஒரு பொருள் எந்த அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சுகிறது என்று காட்டும் கருவி) ஏ.டி.ஆர். முறையில் (மாதிரியைப் படிகம் ஒன்றின் மேல் அழுத்தி அதன் மேற்பரப்பை அளப்பது) அளந்த பயிற்சி மாணவர் ஒருவர், 1650, 1540 செ.மீ⁻¹ அருகே இரு உறிஞ்சல் பட்டைகளைக் கண்டு, கணினியின் ஒப்பீட்டுத் தேடலும் ஆமோதித்ததால், ‘நைலான்’ என்று அறிக்கை எழுதிவிட்டார். அம்முறையில் கதிர் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழமே ஊடுருவும். எக்ஸ்ரே படத்தின் இரு புறமும் ஜெலட்டின் பூச்சு இருப்பதால் திருப்பி வைத்து அளந்தாலும் அதே விடைதான் வரும். ஜெலட்டின் ஒரு புரதம். நைலானில் அந்த இரு பட்டைகளையும் தரும் அமைடு பிணைப்பே அதிலும் உண்டு. பாலிமர்களின் வரலாற்றை அறிந்தவர் அங்கேயே நின்றிருப்பார்: வேதியியலாளர் கரோதர்ஸ் 1935-இல் நைலானை உருவாக்கினார் என்றாலும், படங்களுக்கு அடித்தளமாக வழங்கியவை செல்லுலோஸ் நைட்ரேட், அசிட்டேட், பின்னர் பாலியெஸ்டர் ஆகியவையே.

அந்த அறிக்கையை நம்பி, உண்மையில் அசிட்டேட்டாக இருந்த படங்களை மற்றப் படங்களோடு ஒரே பெட்டியில் காற்றுப்புகாமல் மூடிவைத்தார்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்து ஈரத்தில் அசிட்டேட் நீராற்பகுப்படைந்து (நீரால் பிளவுபட்டு) அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். வெளியேற வழியின்றித் தங்கும் அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெட்டியைத் திறந்தபோது காடி நெடி எழுந்தது. அடித்தளம் சுருங்கி, பூச்சு மடிப்பு மடிப்பாகக் கிளம்பியிருந்தது. அந்தப் படங்களை மீட்க முடியவில்லை.

படம் இல்லாத ஓரத்தில் வெதுவெதுப்பான நீர் ஒரு துளி விட்டு, ஜெலட்டின் ஊறியபின் பிளேடால் சுரண்டி, உலரவிட்டு அளவெடுங்கள். 1740, 1230 அருகே வலுவான பட்டைகள் தெரிந்தால் அசிட்டேட். 1715-ஓடு 725 அருகிலும் பட்டை தெரிந்தால் பாலியெஸ்டர்.

மழைநாளில் பொட்டாசியம் புரோமைடு வில்லை

மாதிரித் தூளைப் பொட்டாசியம் புரோமைடு உப்புடன் கலந்து, அளப்பதற்காக அழுத்திச் செய்யும் இந்த வில்லை ஈரம் உறிஞ்சும். 3400, 1640 அருகே வரும் பட்டைகள் நீருடையவை.

கொளுத்திப் பார்ப்பது

படச்சுருளில் ஒருபோதும் வேண்டாம். நைட்ரேட் பற்றிக்கொண்டால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்ளும், நீருக்குள்ளும் எரியும்.