பெரிய முடிவுக்கு முன் சார்பற்ற ஆய்வு: முதல்முறை செய்பவர்களுக்கான வழிமுறை

புதிய சந்தையில் இறங்குவது, இன்னொரு நிறுவனத்தை வாங்குவது, பெரிய கடன் வாங்கி உற்பத்தியைக் கூட்டுவது: இவையெல்லாம் காலை வைத்த பிறகு எளிதில் பின்வாங்க முடியாத முடிவுகள். இதற்கு முன்னால் எல்லாரும் நாலு பேரிடம் விசாரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நாலு பேர் யார்? விற்க வந்தவர், கடன் தர வந்தவர், நடுவில் நிற்கும் தரகர், திட்டத்தைப் போட்ட நம் சொந்த ஆட்கள். ‘ஆம்’ என்று முடிவானால் பலன் அடைகிறவர்களிடம் கேட்டால் ‘ஆம்’ என்றுதான் பதில் வரும். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அதுதான் தெரியும்.

பதில் எந்தப் பக்கம் வந்தாலும் தன் வருமானம் மாறாத ஒருவர் விடை தேடுவதையே சார்பற்ற ஆய்வு என்கிறேன். அவர் வெளி ஆளாக இருக்கலாம். அதற்குப் பணம் இல்லையென்றால் கீழே உள்ள ஒழுங்கைக் கடைப்பிடித்து நீங்களே செய்யலாம்.

படி 1: கேள்வியையும் கைவிடும் நிபந்தனையையும் எழுதுங்கள்

மருத்துவமனைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் மென்பொருள் விற்கும் ஒரு சிறு நிறுவனம், பல் மருத்துவர்களுக்கும் விற்கலாமா என்று யோசிப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பல் மருத்துவச் சந்தை எப்படி இருக்கிறது?’ என்பது ஆய்வுக்கேற்ற கேள்வி அல்ல. ‘தனியாகக் கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்கள் இந்த வேலைக்கு இப்போது காசு செலவழிக்கிறார்களா, யாருக்குக் கொடுக்கிறார்கள்?’ என்பது கேள்வி. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘பேசியவர்களில் பாதிப் பேருக்கு மேல் நோட்டுப் புத்தகமே போதும் என்றால் இதைக் கைவிடுகிறோம்.’ தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ஆய்வு முடிந்த பிறகு இந்த வரியை எழுத உட்கார்ந்தால், கையில் இருக்கும் பதிலுக்குத் தகுந்த மாதிரிதான் எழுத வரும்.

கேள்வி தவறினால் எவ்வளவு பெரிய ஆய்வும் உதவாது. 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பழைய கலவையை மாற்றியது. அதற்கு முன் சுமார் 2 லட்சம் பேரிடம் ருசிச் சோதனை நடத்தியிருந்தது. புதியதுதான் நன்றாக இருக்கிறது என்று அவர்களில் பெரும்பான்மையோர் சொன்னார்கள். ஆனால் பழையது இனி கிடைக்காது என்றால் எப்படி இருக்கும் என்பது அந்தச் சோதனையில் சரியாக அளக்கப்படவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. 79 நாட்களில் பழைய கலவை திரும்ப வந்தது.

படி 2: ஏற்கெனவே கிடைப்பதைப் படியுங்கள்

பங்குச்சந்தையில் இருக்கும் போட்டி நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசம். அமெரிக்க நிறுவனங்களுடையவை ‘எட்கார்’ என்ற அரசுத் தளத்தில் கிடைக்கும். தலைவரின் கடிதத்தைத் தாண்டி, அபாயங்கள் பற்றிய பகுதிக்குப் போங்கள். சட்டத்துக்குப் பயந்து எழுதுவதால் அங்கேதான் ஓரளவு உண்மை இருக்கும். அதே நிறுவனத்தின் நாலைந்து ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வையுங்கள். ஒரு வருடம் பெருமையாகச் சொன்ன இலக்கு அடுத்த வருடம் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டியாளரின் வேலை விளம்பரங்களும் நிறையச் சொல்லும்.

‘இந்தச் சந்தையின் மதிப்பு இத்தனை கோடி’ என்று வரும் அறிக்கைகளில், எதையெல்லாம் சேர்த்து அந்தத் தொகை வந்தது என்று பாருங்கள். அது எழுதப்படவில்லையென்றால் ஒதுக்கிவிடலாம்.

படி 3: யார் காசு கொடுத்தார் என்று குறியுங்கள்

நோட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரித்தால் போதும்: தகவல், சொன்னவர், அவருக்குப் பணம் தருபவர். மூன்றாவது பத்திதான் பலர் விட்டுவிடுவது. கடன் வாங்குபவர் திருப்பித் தருவாரா என்று மதிப்பெண் போடும் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களுக்கு, 1970களுக்கு முன் முதலீட்டாளர்கள் பணம் கொடுத்தார்கள். பிறகு, கடன் பத்திரம் வெளியிடுபவரே கட்டணம் செலுத்தும் முறை வந்தது. மிக உயர்ந்த மதிப்பீடு பெற்ற ஏராளமான வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்கள் 2008 நிதி நெருக்கடியில் சரிந்தபோது, இந்த முறையும் ஒரு காரணம் என்று கடுமையான விமர்சனம் எழுந்தது.

படி 4: ஆட்களிடம் நேரில் பேசுங்கள்

அதிக நேரம் கொடுக்க வேண்டிய படி இது. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் 1994-ல் ஸ்னாப்பிள் பான நிறுவனத்தை 170 கோடி டாலருக்கு வாங்கியது. தன்னுடைய கேட்டரேட் பானத்தை ஸ்னாப்பிளின் விநியோகஸ்தர்கள் சிறு கடைகளுக்குக் கொண்டுபோவார்கள், பதிலுக்கு சூப்பர்மார்க்கெட் வியாபாரத்தைத் தான் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டது. சூப்பர்மார்க்கெட் வியாபாரத்தை விட்டுக்கொடுக்க அந்த விநியோகஸ்தர்கள் சம்மதிக்கவில்லை. ஒப்பந்தமும் அவர்கள் பக்கம் வலுவாக இருந்தது. 1997-ல் குவேக்கர் அதே ஸ்னாப்பிளை 30 கோடி டாலருக்கு விற்றது. வாங்கும் விலை, வளர்ச்சி விகிதம் எல்லாவற்றையும்விட முக்கியமான பதில் விநியோகஸ்தர்களிடம்தான் இருந்தது.

ஆகவே வாடிக்கையாளரோடு நிறுத்தாதீர்கள். சப்ளை செய்பவர், விநியோகிப்பவர், விட்டுப் போன வாடிக்கையாளர், வேலையை விட்ட ஊழியர் எல்லாரும் பட்டியலில் இருக்கட்டும். ஊழியரிடம் ரகசியத் தகவல் கேட்கக் கூடாது. தொழில் எப்படி நடக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ‘இப்படி ஒரு மென்பொருள் வந்தால் வாங்குவீர்களா?’ என்றால், முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. நாளை என்ன செய்வீர்கள் என்பதை விட்டுவிட்டு நேற்று செய்ததைக் கேளுங்கள்: ‘கடைசியாக ஒருவர் அப்பாயின்ட்மென்டுக்கு வராமல் போனபோது என்ன செய்தீர்கள்?’ ‘இதற்காக ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா? ஏன் நிறுத்தினீர்கள்?’ ‘புதிதாக ஒன்று வாங்க யார் சம்மதம் வேண்டும்?’ அப்புறம் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். உங்கள் மொழிக்கு மாற்றாதீர்கள்.

படி 5: யாரை விட்டுவிட்டோம் என்று பாருங்கள்

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது கணிப்பு. ஆனால் அவரை எதிர்த்து நின்ற அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து பெருமளவு முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. பதில் அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். உங்கள் பட்டியலில் நண்பர்களின் நண்பர்கள் மட்டுமே இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டுவதில் பயனில்லை.

படி 6: வெளி ஆளை வைக்கும்போது

கட்டணம் முன்கூட்டியே முடிவானதாக இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்தால்தான் பணம் என்று வைத்தீர்களோ, அவர் ஆய்வாளர் இல்லை, தரகர். உங்கள் விருப்பம் எந்தப் பக்கம் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். அழகான ஸ்லைடுகளோடு மூலத் தரவையும், பேட்டிக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். அவர் உங்கள் போட்டியாளருக்கும் வேலை செய்கிறாரா என்று எழுத்தில் பதில் பெறுங்கள். அறிக்கை திட்டம் போட்ட அணி வழியாக வராமல் முடிவெடுப்பவருக்கு நேராக வர வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

படி 7: அறிக்கை வந்ததும்

சுருக்கத்தைப் படிப்பதற்கு முன் படி 1-ல் எழுதிய தாளை எடுத்து மேசையில் வையுங்கள். கைவிடும் நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் நிறுத்துங்கள். பாதிதான் தெளிவு என்றால், திருப்பி எடுக்கக்கூடிய சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள்: ஐந்து கிளினிக், மூன்று மாதம், காசு வாங்கிக்கொண்டு. இலவசமாகக் கொடுத்தால் மறுபடியும் முகத்தாட்சண்யப் பதில்தான் வரும். திட்டம் போட்ட அணிக்கு மறுப்பு இருந்தால் எழுத்தில் தரட்டும், ஆய்வாளர் அதற்கு எழுத்திலேயே பதில் சொல்லட்டும்.

முடிவு ஏதோ காரணத்தால் ஆறு மாதம் தள்ளிப்போனால் முழு ஆய்வையும் திரும்பச் செய்யத் தேவையில்லை. விலையும் போட்டியாளர் பகுதியும் பழசாகியிருக்கும், அவற்றைப் புதிதாகச் செய்யுங்கள். வாடிக்கையாளர் எப்படி வேலை செய்கிறார் என்ற குறிப்புகள் பெரும்பாலும் அப்படியே செல்லும். இரண்டு மூன்று பேரிடம் மறுபடி போன் செய்து சரிபார்த்தால் போதும்.