ஆஃபர் லெட்டர் வந்த அன்றே டாக்டர் ஆகிவிடாதீர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு மருத்துவம் படிக்க இடம் கிடைத்தால், செய்தி லயத்தின் (தோட்டத்து வரிசை வீடுகளின்) கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். சாயங்காலமே கோயில் தலைவர் சால்வையோடு வந்து நிற்பார். மறுநாள் பசியாறப் போனால் ரொட்டி வீசுகிற அண்ணன் "வாங்க டாக்டர், என்ன சாப்பிடுறீங்க?" என்பார். எனக்கு அப்போது வயது 19. ஊசியைக் கையால் தொட்டதுகூட இல்லை.

கோலாலம்பூருக்குப் போன பிறகு நம் பிள்ளைகள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இந்த "வாங்க டாக்டர்"தான் காரணம் என்பது என் கட்சி. ஊர் முன்கூட்டியே கொடுத்துவிட்ட பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! அதனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை.

முதல் சோதனை வாட்ஸ்அப்பில் வரும். முதல் செமஸ்டர்கூட முடிந்திருக்காது, பெரியம்மா இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பி, "ஐயா, இந்த இனிப்பு நீர் மாத்திரையை நிறுத்திட்டு வேப்பிலைச் சாறு குடிக்கலாமா, பாத்துச் சொல்லு" என்று கேட்பார். அந்த நேரத்தில் உங்களுக்கு உருப்படியாகத் தெரிந்தது கை எலும்புகளின் பெயர்கள் மட்டும்தான். பாசத்தில் ஒரு பதிலைச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வாய் தவறிச் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்துக்கொள்வார். "எனக்கு அதெல்லாம் இன்னும் சொல்லித் தரலை பெரியம்மா. மாத்திரையை நிறுத்தாம, கிளினிக்குல காட்டுங்க" என்று சொல்லிவிடலாம். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). முகம் சுண்டிப்போகும், சுண்டட்டும்.

வகுப்பில் இதே நோய் வேறு உருவத்தில் வரும். நம்மில் பலர் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, பிறகு பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். என்று வந்தவர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் பங்சார், சுபாங் மாதிரி வசதியான நகரப் பகுதியில் வளர்ந்திருப்பார், வீட்டிலேயே ஆங்கிலம். சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு நோயாளியின் கதையை அலசும்போது அவர் பேசுகிற வேகத்தைப் பார்த்து நாம் வாயை மூடிக்கொள்வோம். ஆறு மாதம் மூடியிருந்தால் அப்புறம் திறப்பது கஷ்டம். நான் ஒரு வருடம் மூடியிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, சரளமாகப் பேசியவர்களில் இரண்டு பேருக்கு விஷயம் என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும் என்று. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரே ஒரு கேள்வியை முதல் நாள் இரவே எழுதி, இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போங்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் மதிப்பெண்ணை வெட்டிவிட மாட்டார்கள்.

இடைநிலைப்பள்ளியின் கடைசிப் பரீட்சையான எஸ்.பி.எம்.மில் மனப்பாடம் செய்து ஏ வாங்கிய முறை இங்கே ஓடாது. மனப்பாடம் வேண்டாம் என்றில்லை, நிறையவே வேண்டும். ஆனால் நோட்டை மூன்று வண்ணத்தில் அழகாக எழுதி வைத்துவிட்டுப் பரீட்சைக்கு முந்திய வாரம் புரட்டுவதுதான் ஆபத்து. அன்கி மாதிரி கேள்வி அட்டைகள் காட்டுகிற ஒரு செயலியில் தினமும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் பரீட்சை வாரத்தில் தூங்குகிறார்கள். பழைய கேள்விகளை சீனியர்களிடம் கேட்டு வாங்குங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள்.

வார்டுக்குப் போனதும் நமக்கு ஒரு நல்ல காலம் வரும். தலைநகரின் போதனா மருத்துவமனைகளில், லெம்பா பந்தாயானாலும் செராஸானாலும், தமிழ் மட்டும் பேசுகிற வயதானவர்கள் படுத்திருப்பார்கள். "தமிழ் தெரியுமா, இங்கே வா" என்று கூப்பிடுவார்கள். நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவோம். நான் வழுக்கி விழுந்தது அங்கேதான்.

மூன்றாம் ஆண்டு, வார்டில் என் இரண்டாவது வாரம். கிளார்க்கிங் செய்ய, அதாவது நோயின் கதையைக் கேட்டு எழுத, எனக்குக் கிடைத்தவர் 68 வயது அம்மா, 30 வருடம் ரப்பர் பால் வெட்டியவர். இருதயப் பிரச்சினை என்று சந்தேகம். பாடத்தில் படித்தபடி வரிசையாகக் கேட்டேன்.

"படுத்தா மூச்சு வாங்குதாம்மா?"

"இல்ல சாமி."

"ராத்திரி மூச்சு முட்டி எழுந்திரிக்கிறீங்களா?"

"இல்ல."

"கால் வீக்கம்?"

"அது பரவால்ல."

எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டு போய் ஸ்பெஷலிஸ்ட் முன்னால் ஒப்பித்தேன். அவர் சீனர், தமிழ் ஒரு சொல் தெரியாது. கட்டிலருகே போய், வீட்டில் எங்கே தூங்குகிறார் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். "படுக்கிறது எங்க சாமி? மூணு மாசமா நாக்காலியில சாஞ்சபடிதான். படுத்தா உயிர் போயிடுது." ஸ்பெஷலிஸ்ட் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. அவர் படுப்பதே இல்லை, அதனால் 'படுத்தால்' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றார். அதோடு, அது தோட்டத்து டிரெஸ்ஸரிடம் (மருந்து கொடுக்கும் உதவியாளரிடம்) வரிசையில் நின்று பழகிய தலைமுறை. வலி என்று சொன்னால், பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) போகாமல் இருக்க நடிக்கிறாய் என்பார்களோ என்ற பயம் எலும்பில் ஊறியிருக்கிறது. வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே 'பரவால்ல' என்று வந்துவிடும். நம் பாட்டியும் அப்படித்தானே! ஆகவே வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். போன வருடம் செய்து இப்போது செய்ய முடியாமல் போனது என்ன என்று கேளுங்கள். கடைக்கு நடந்து போகும்போது எத்தனை இடத்தில் நிற்கிறார், கோயில் படி ஏறுகிறாரா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்று கேளுங்கள். இன்னொன்று: மொழிபெயர்க்கும்போது நறுக்காதீர்கள். அவர் ஐந்து நிமிடம் பேசியதை நீங்கள் "இல்லை என்கிறார்" என்று முடித்தால், நாற்காலி அந்த ஐந்து நிமிடத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டுவிடும்.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்விக்கடன் மாதச் சம்பளம் போல வராது, செமஸ்டருக்கு ஒரு தடவை மொத்தமாக வரும். வந்த வாரத்தில் நாம் பணக்காரர், கடைசி மாதத்தில் மெகி மீ. பொதுப் பல்கலைக்கழகம் போகிற வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் கல்விக்கடன் நிறுவனமான பி.டி.பி.டி.என். முன்பணம் தருகிறது. பதியும் நாளுக்கு முன்பே அதற்கு மனுப் போடுங்கள். சொந்தக்காரர்கள் கூடிக் காசு போட்டு விலை உயர்ந்த கார்டியாலஜி ஸ்டெதஸ்கோப் வாங்கித் தருகிறேன் என்றால், சாதாரண லிட்மேன் கிளாசிக் ஸ்டெதஸ்கோப்பே போதும் என்று சொல்லி மீதியைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கைத் தொலைத்தாலும் அழுகை குறைவு.

ஃபெயிலை மறைப்பது பெரிய தவறு. நான் ஒரு பேப்பரில் கோட்டைவிட்டு மறுபரீட்சை எழுதினேன். நான்கு மாதம் வீட்டில் சொல்லவில்லை, சால்வை போட்ட ஊருக்கு எந்த முகத்தோடு போவது? நண்பர்களிடமும் சொல்லாததால் சேர்ந்து படிக்க ஆள் இல்லை. கடைசியில் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சரி, மறுபடியும் எழுத விடுறாங்கல்ல?" தேறாத வாரமே விரிவுரையாளரிடம் போய் எங்கே சறுக்கியது என்று கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று. உள்ளூரில் இடம் கிடைக்கவில்லை என்றதும் ஏஜெண்ட் சொல்கிற வெளிநாட்டுக் கல்லூரிக்குச் சேமநிதியை எடுத்துக் கட்டிவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலில் நீங்களே பாருங்கள். இல்லையென்றால், பிள்ளை திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுத வேண்டியிருக்கும். கணக்கையும் சரியாகப் போடுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் படிப்பு 5 வருடம். அதற்குப் பிறகு ஹவுஸ்மேன், அதாவது புது டாக்டராக மருத்துவமனையில் பயிற்சி 2 வருடம். சம்பளம் உண்டு, தூக்கம் இருக்காது. 2016 கடைசியிலிருந்து புதியவர்களை நிரந்தரமாக அல்லாமல் ஒப்பந்த முறையில்தான் எடுத்துவந்தார்கள். 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்புச் செய்தது அதற்காகத்தான். ஆகவே ஐந்தாம் வருடக் கடைசியிலேயே பிள்ளையை வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள்.

அப்புறம், வாராவாரம் ஊருக்கு ஓடி வராதீர்கள். வார்டில் சனிக்கிழமைதான் நோயாளிகள் நிதானமாகப் பேசுவார்கள். ஆனால் தீபாவளிக்கு வந்துவிடுங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான். டிக்கெட் விற்பனை திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். நான் ஒரு வருடம் வாங்காமல் விட்டு, ஈப்போ வரை பஸ்ஸில் நெரிசலில் வந்து, அங்கிருந்து மாமாவின் லாரியில் பட்டாசுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.