செய்திச் செயலிக்குச் சொந்த சர்வர்: முடிவெடுப்பதும் அமைப்பதும்

முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே செய்தியைப் படிக்க முடிகிற பூட்டுமுறை) சரியாக இயங்கும்வரை, சர்வர் யாருடையதாக இருந்தாலும் அதனால் செய்தியைப் படிக்க இயலாது. ஆனால் யார், யாருடன், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து பேசினார் என்ற தொடர்பு விவரங்கள் சர்வரை நடத்துபவரின் கண்ணில் படக்கூடும். எனவே இவ்விவரங்களை யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பதை முதலில் தெளிவாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள்; மற்ற முடிவுகள் அனைத்தும் அதைப் பொறுத்தவையே.

மைய சர்வர் என்றாலே எல்லாம் சேமிக்கப்படும் என்று கொள்வது சரியன்று. 2016-இல் அமெரிக்க கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) ஒன்றின் அழைப்பாணைக்குச் சிக்னல் என்ற செய்திச் செயலியின் தரப்பால் கொடுக்க முடிந்தவை, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. யார் யாருடன் பேசினார் என்பது போன்ற விவரங்களை அது சேமித்திருக்கவில்லை. மையப்படுத்தலின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: 2021 அக்டோபர் 4 அன்று வாட்ஸ்அப் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, பயனர்களால் காத்திருப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியவில்லை.

சொந்த சர்வருக்கும் ஓர் ஆபத்து உண்டு; இது போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் கருத்து. கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் சேவையில் ஒருவரின் இணைப்பு கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. ஐந்து பேருக்கான சர்வரிலோ, அந்த முகவரியுடன் இணைபவர்களைக் கவனிக்கும் இணையச் சேவை நிறுவனமோ சர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனமோ, குழுவில் இருப்பவர்கள் யார் என்பதை எளிதில் ஊகித்துவிடலாம். பெருநிறுவனங்களைச் சாராதிருப்பதும், தரவு எங்கே இருக்க வேண்டும் என்று தாமே தீர்மானிப்பதும் நோக்கமானால் சொந்த சர்வர் பொருந்தும். குழுவின் இருப்பையே மறைக்க வேண்டுமானால் சிக்னல் மேல். வாராவாரம் மென்பொருளைப் புதுப்பிக்க ஆளில்லாத குழுவுக்கும் அதுவே மேல்.

சொந்த சர்வர் என்று முடிவானால், சிறு குழுவுக்கு எக்ஸ்எம்பிபி என்ற திறந்த செய்தி நெறிமுறையில் இயங்கும் ப்ரோசடி என்ற சர்வர் மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். குறைந்த நினைவகத்திலேயே அது நன்றாக ஓடும். மேட்ரிக்ஸ் என்ற மற்றொரு நெறிமுறையின் சர்வர் மென்பொருளான சினாப்ஸ் அதைவிடக் கனமானது. மேலும் மேட்ரிக்ஸில் பிற சர்வர்களின் பயனர்கள் ஓர் அறையில் (குழு உரையாடலில்) சேர்ந்தால், அந்த அறையின் வரலாறு அவர்களுடைய சர்வர்களிலும் பிரதியாகிவிடும்.

டொமைன் பெயரை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்; பயனர் முகவரிகள் அதனுடன் பிணைக்கப்படுவதால் பின்னர் மாற்றுவது கடினம். சர்வருடனான இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பிடம் எடுத்து, அது காலாவதியாகும் முன் தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமையுங்கள். செயலிகள் இணைவதற்கு 5222 போர்ட்டைத் (சர்வரின் இணைப்பு வாயில்) திறந்து, வெளி சர்வர்களுடன் பேசத் தேவையில்லையெனில் 5269-ஐ மூடிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கும் வசதியை நிறுத்தி, கணக்குகளை நீங்களே உருவாக்குங்கள். பதிவேடுகளையும் செய்திக் காப்பகத்தையும் சில நாட்களில் தானாக அழியும்படி வையுங்கள். சர்வரில் இல்லாததை எவராலும் கைப்பற்ற முடியாது.

எக்ஸ்எம்பிபியில் மறையாக்கம் செயலியின் பொறுப்பு என்பதால், ஓமேமோ என்ற முனைக்கு முனை மறையாக்க முறை உள்ள செயலியையே அனைவரும் நிறுவ வேண்டும். ஒருவருக்கொருவர் மறையாக்கச் சாவியின் கைரேகை எண்களை (சாவி உண்மையில் அவருடையதே என்று காட்டும் அடையாள எண்களை) நேரில் ஒப்பிட்டுக்கொள்வதும் அவசியம். கைபேசிக்கு வரும் புஷ் அறிவிப்புகள் பெரும்பாலும் ஆப்பிள், கூகுள் வழியாகவே செல்வதால், செய்தி வந்த நேரம் அந்நிறுவனங்களுக்குத் தெரியவரும். அறிவிப்பில் செய்தியின் உள்ளடக்கம் இடம்பெறாதபடியாவது அமையுங்கள். குழுவினரை அழைப்பதற்கு முன், காப்புப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, கணக்குகள் திறக்கின்றனவா என்று சோதியுங்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை நம்பகமான இரண்டாமவர் ஒருவரிடமும் ஒப்படையுங்கள்.