லக் பூட்டி எஃகு சைக்கிள் பிரேம் செய்யும் முறை

சைக்கிள் பிரேமைக் கையால் செய்யப் பல வழிகள் உண்டு. ஆனால் ஒரு லேத்தும் ஒரு வைஸும் கேஸ் வெல்டிங் அமைப்பும் மட்டுமே உள்ள சிறு பட்டறைக்கு ஏற்றது, லக் எனப்படும் மூட்டுகளுக்குள் எஃகுக் குழாய்களைச் செருகி, பற்றாசை (குழாயைவிடக் குறைந்த சூட்டில் உருகும் இணைப்பு உலோகத்தை) உருக்கி ஓடவிட்டு இணைக்கும் பிரேசிங் முறைதான். அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்திலிருந்து வந்து நம் தெருக்களை நிறைத்த கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளின் பிரேம்களும் லக் வைத்து இணைத்தவைதாம். ஜப்பானின் கெய்ரின் பந்தய வண்டிகளுக்கான எஃகு பிரேம்களைச் சிறு பட்டறைக்காரர்கள் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். இதைக் கற்க வருபவர்கள் பெரும்பாலும் நெருப்பைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். பிரேமின் தரத்தை உண்மையில் தீர்மானிப்பது அரம். ஆகையால் இங்கே அரவேலைக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஓட்டுபவரின் அளவுகளை எடுக்க வேண்டும். அவரை வெறுங்காலுடன் சுவரோரம் நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்லி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல்விளிம்பு வரை அளந்தால் உள்கால் அளவு கிடைக்கும். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையிலான உயரம் ஏறத்தாழ வந்துவிடும். உள்கால் அளவு 82 செ.மீ. என்றால் சீட் உயரம் 72.4 செ.மீ. அதே அளவை 0.65ஆல் பெருக்கினால் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் டியூபின் நீளம் சுமார் 53 செ.மீ. என்று கிடைக்கும். மேல்குழாயின் நீளத்துக்கு இப்படி ஒரு வாய்பாட்டை நம்பிப் பயனில்லை. முதுகின் வளைவும் கையின் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அவர் இப்போது வலியின்றி ஓட்டும் வண்டி ஏதேனும் இருந்தால் அதை அளந்துகொள்வதே மேல்.

அடுத்தது வரைபடம். நெடுந்தூரப் பயணத்துக்கான வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்: 700சி சக்கரம், 32 மி.மீ. டயர், சீட் டியூபின் சாய்வு 73 பாகை, பிரேமின் முன்னால் ஃபோர்க் செருகும் ஹெட் டியூபின் சாய்வு 72 பாகை, முன்சக்கரத்தைத் தாங்கும் அந்த ஃபோர்க்கின் ரேக் (திருப்பும் அச்சிலிருந்து சக்கர அச்சு முன்னே தள்ளியிருக்கும் தூரம்) 50 மி.மீ. சக்கரத்தின் ஆரம், ரிம்மின் 311 மி.மீ.யும் டயரின் 32 மி.மீ.யும் சேர்ந்து 343 மி.மீ. வண்டி நேராகப் போகும் நிதானத்தைக் காட்டும் டிரெயில் என்ற அளவைக் கணக்கிட, ஆரத்தை ஹெட் சாய்வின் கொசைனால் பெருக்கி, அதிலிருந்து ரேக்கைக் கழித்து, மீதியைச் சைனால் வகுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது 59 மி.மீ. ரேக்கை 45 ஆகக் குறைத்தால் டிரெயில் 64 ஆக உயர்ந்து, வண்டி திரும்புவதற்குச் சற்றுக் கனமாகிவிடும். பாட்டம் பிராக்கெட்டைச் சக்கரங்களின் அச்சுக்கோட்டிலிருந்து 70 மி.மீ. கீழே இறக்கினால் அது தரையிலிருந்து 273 மி.மீ. உயரத்தில் நிற்கும். மட்கார்டும் பின்பைகளும் வைக்க இருப்பதால் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் செயின் ஸ்டே 440 மி.மீ. இருக்கட்டும். உயரம் குறைந்தவர்களுக்கு இந்தச் சக்கரத்தை வைத்தால் திரும்பும்போது காலணியின் முனை முன்டயரில் இடிக்கும். அவர்களுக்குக் கோணங்களை வலிந்து மாற்றுவதைவிடச் சிறிய 650பி சக்கரத்துக்குப் போவது நல்லது.

இவற்றையெல்லாம் ஒரு பிளைவுட் பலகையில் முழு அளவில் வரைந்துவிடுங்கள். கணினியில் வரைய பைக்கேட் போன்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். ஆனாலும் முழு அளவுப் பலகை பக்கத்தில் இருந்தால், வெட்டிய ஒவ்வொரு குழாயையும் அதன்மேல் வைத்துப் பார்க்கலாம்.

வரைபடத்தை இறுதி செய்வதற்கு முன்பே லக்குகள் கையில் இருக்க வேண்டும். வார்ப்பு லக்குகள் குறிப்பிட்ட கோணத்துக்கென வார்க்கப்பட்டவை. ஒரு பாகை வரை இழுத்துக்கொடுக்கும், அதற்குமேல் வளைத்தால் குழாய்க்கும் லக்குக்கும் இடையே ஒரு பக்கம் இறுக்கமும் மறுபக்கம் இடைவெளியும் ஏற்படும். எனவே லக்குக்கு ஏற்ப வரைபடம் அமைய வேண்டுமே தவிர, வரைபடத்துக்கு ஏற்ப லக்கை வளைக்கக் கூடாது.

குழாய்களுக்கு 4130 குரோம்-மாலிப்டினம் எஃகு நம்பகமானது. ரெனால்ட்ஸ், கொலம்பஸ் போன்ற நிறுவனங்கள் சைக்கிளுக்கெனவே இழுத்துத் தரும் குழாய்கள் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும்; 0.8, 0.5, 0.8 மி.மீ. என்பது வழக்கமான ஓர் அளவு. இந்த வகைக் குழாய்க்கு பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் காப்புரிமை பெற்றது 1897இல். எஃகின் தரம் மாறியிருந்தாலும் தத்துவம் இன்னும் அதுதான். வெப்பமும் அழுத்தமும் முனைகளிலேயே தாக்குவதால் அங்கே தடிப்பு தேவைப்படுகிறது, நடுவில் எடை குறைகிறது. ஆகவே நீளத்தைக் குறைக்கும்போது தடித்த பகுதி எங்கே முடிகிறது என்பதைக் குழாயின்மேல் குறித்துக்கொண்ட பிறகே வெட்ட வேண்டும். சீட் டியூபின் தடித்த முனை கீழே, பாட்டம் பிராக்கெட் பக்கம் இருக்கும். மேல்முனையில் 28.6 மி.மீ. விட்டமும் 0.6 மி.மீ. சுவரும் இருந்தால் உள்விட்டம் 27.4, வழக்கமான 27.2 மி.மீ. சீட் போஸ்ட் அதில் சரியாக இறங்கும்.

இனி அரவேலை. ஒரு குழாய் இன்னொரு குழாயின் வளைந்த பரப்பில் போய் முட்டும் இடத்தில் அதன் முனையை அந்த வளைவுக்கு ஏற்பக் குடைந்து எடுக்க வேண்டும். லக் மேலே மூடிக்கொள்கிறது என்பதால் உள்ளே இருக்கும் இந்த மீன்வாய் வெட்டு சுமாராக இருந்தாலும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வெளியே தெரியாத அந்த இடைவெளிதான் சில ஆண்டுகளுக்குப் பிறகு லக்கின் ஓரத்தில் விரிசலாக வெளிப்படும்.

குழாயை ஓர் எல் ஆங்கிளின் பள்ளத்தில் கிடத்தி, ஆங்கிளின் விளிம்பை ஒட்டிக் கூர்முனையுள்ள ஊசியால் மெல்லிய கோடு ஒன்று இழுங்கள். ஆங்கிள் நேராக இருந்தால் அந்தக் கோடு குழாயின் அச்சுக்கு இணையாகவே விழும். இரு முனைகளின் வெட்டுகளும் இந்த ஒரே கோட்டைப் பார்த்து அமைய வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியே சரியாக இருந்தும் பிரேம் முறுக்கிக்கொள்ளும். பிறகு வெட்டு வடிவத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கோட்டோடு பொருத்தி ஒட்டி, ஹேக்சா பிளேடால் தோராயமாக அறுத்து, குழாயை வைஸில் நேரடியாகப் பிடிக்காமல் பள்ளம் எடுத்த மரக்கட்டைகளுக்கு நடுவே பிடித்து, அரைவட்ட அரத்தால் தேய்க்க வேண்டும். சேர வேண்டிய குழாயின் வளைவைவிட அரத்தின் வளைவு சற்றே சிறியதாக இருக்கட்டும். அடிக்கடி அந்தக் குழாயோடு பொருத்தி, பின்னால் விளக்கை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒளிக்கீற்று தெரியாத நிலை வரும்வரை வேலை முடியவில்லை. கடைசிச் சில தேய்ப்புகளுக்கு முன் மறுகுழாயில் மார்க்கர் மை பூசிப் பொருத்தினால், எங்கே முட்டுகிறதோ அங்கே மை ஒட்டி, அடுத்து எங்கே தேய்க்க வேண்டும் என்று காட்டிவிடும். லேத்தில் ஹோல்சா பூட்டி வெட்டினால் நேரம் மிச்சமாகும், ஆனால் மெல்லிய சுவரில் பல் சிக்கினால் குழாயின் வாய் நசுங்கும். முதல் பிரேமுக்குக் கையரமே போதும். பணத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தால் குழாய்களை நிலையாகப் பிடித்துவைக்கும் ஜிக்கை விட்டுவிடுங்கள். நல்ல அரங்களை வாங்குங்கள்.

லக்கின் உட்புறத்தையும் இப்படியே பக்குவப்படுத்த வேண்டும். குழாய் கைவலுவில் உள்ளே இறங்கி, ஆட்டமில்லாமல் நிற்க வேண்டும். வெள்ளிப் பற்றாசுக்கு 0.05 முதல் 0.13 மி.மீ. வரை இடைவெளி தேவை. அதைவிட நெருங்கினால் உள்ளே புகாது, அகன்றால் நிரம்பாது. ஒட்ட வேண்டிய பரப்புகளை எமரித்தாளால் பளிச்சென்று தேய்த்து அசிட்டோனால் துடைத்த பிறகு விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை ஒன்றே பற்றாசை அந்த இடத்தில் நிறுத்திவிடும்.

நெருப்பைப் பொறுத்தவரை ஆக்சிஜனும் அசிட்டிலினும் சிறந்தவை; ஆக்சிஜனும் எல்பிஜியும்கூடப் போதும், ஆனால் வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு என்பதால் வணிக சிலிண்டரையே வாங்க வேண்டும். அசிட்டிலின் சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அதன் வெளியேற்ற அழுத்தம் 1 பாருக்கு மேல் போகக் கூடாது, ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, இரண்டு வழிகளிலும் தீத்தடுப்பு வால்வு இருக்க வேண்டும். வெள்ளிக் கம்பி வாங்கும்போது காட்மியம் கலக்காதது என்று எழுத்தில் பார்த்து வாங்குங்கள்; காட்மியத்தின் புகை நுரையீரலைத் தாக்கி உயிரையே வாங்கக்கூடியது. வெள்ளிக்கான ஃபிளக்ஸில் (சூட்டில் உலோகப் பரப்பைச் சுத்தமாக வைத்திருக்கும் பசையில்) ஃபுளோரைடு இருப்பதால் காற்றோட்டமும் தேவை.

எந்தப் பற்றாசைப் பயன்படுத்துவது? 56 சதவீத வெள்ளி கொண்ட கம்பி 620இலிருந்து 655 பாகை செல்சியசுக்குள் உருகிவிடும். பித்தளைக் கம்பி உருக 870 பாகைக்கு மேல் ஆகும். அதற்கு வெங்காரம் சேர்ந்த ஃபிளக்ஸ் வேண்டும். பித்தளை மலிவு, சற்று அகன்ற இடைவெளியையும் நிரப்பும், நம் ஊர்ப் பட்டறைக்காரர்களின் கைக்குப் பழகியதும் அதுவே. இருந்தாலும் மெல்லிய குழாய்க்கு அந்த வெப்பம் அதிகம், வளைவும் அதிகமாகும். லக்குகளுக்கு வெள்ளியும், பின்சக்கரம் உட்காரும் டிராப்அவுட்களில் இடைவெளி பெரிதாக இருப்பதால் அங்கே பித்தளையும் என்பதே என் பரிந்துரை.

பற்றவைப்பதற்கு முன், ஹெட் டியூபில் மேல்குழாயும் கீழ்க்குழாயும் வந்து முட்டும் இடங்களின் நடுவில் சிறு துளைகள் போட வேண்டும். மூடிய குழாய்க்குள் சூடேறும் காற்றுக்கு வழியில்லையென்றால், உருகிய பற்றாசை அது வெளியே ஊதித் தள்ளிவிடும். மூட்டு முழுவதும் உள்ளும் புறமும் ஃபிளக்ஸ் தடவி, சுடரை நடுநிலையில் மென்மையாக வைத்து, கனமான லக்கை முதலிலும் மெல்லிய குழாயைப் பிறகும் சூடாக்குங்கள். ஃபிளக்ஸ் முதலில் வெளுத்துப் பொங்கும், பிறகு படிந்து, 600 பாகையை நெருங்கும்போது தண்ணீர்போல் தெளியும். அப்போது கம்பியை லக்கின் ஓரத்தில் தொட வேண்டும். சுடரால் கம்பியை உருக்காமல், உலோகத்தின் சூட்டிலேயே அது உருக வேண்டும். பற்றாசு எப்போதும் சூடு மிகுந்த பக்கம் ஓடும் என்பதால், ஓர் ஓரத்தில் ஊட்டிச் சுடரை மறு ஓரத்துக்கு நகர்த்தினால், அது லக்குக்குள் இழுபட்டு மறுபக்கம் மெல்லிய வெள்ளிக் கோடாக எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு சுற்றிலும் தொடர்ந்து தெரிந்தால் மூட்டு நிரம்பிவிட்டது. ஃபிளக்ஸ் கறுத்துப்போனால் அதன் ஆற்றல் தீர்ந்துவிட்டது என்று பொருள். மேலும் மேலும் சூடாக்காமல், ஆறவிட்டுச் சுத்தம் செய்து மறுபடி தொடங்க வேண்டும். சூடான மூட்டைத் தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது.

வரிசை இவ்வாறு இருக்கட்டும்: முதலில் சீட் டியூபைப் பாட்டம் பிராக்கெட்டில் இணைத்து, அதன் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக ஹெட் டியூபையும் கீழ்க்குழாயையும் இணைக்க வேண்டும். பிறகு இரண்டையும் மேல்குழாயுடன் சேர்த்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறு பொட்டு மட்டும் வைத்து, மட்டமான பரப்பில் கிடத்திச் சரிபார்த்த பிறகே முழுவதும் ஓடவிட வேண்டும். விலையுயர்ந்த கிரானைட் பலகை இல்லாவிட்டால், தெரிந்த லேத்துப் பட்டறையில் மில்லிங் மெஷினின் மேசையைச் சிறிது நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பின்முக்கோணத்தில், டிராப்அவுட்களுக்கு இடையே 135 மி.மீ. இருக்கும்படி இருபுறமும் நட்டு போட்ட ஒரு கம்பியைப் பூட்டிக்கொண்டு ஸ்டேக்களை இணைக்க வேண்டும். சரிபார்க்க நூல் ஒன்றே போதும்: ஒரு டிராப்அவுட்டில் கட்டி, ஹெட் டியூபைச் சுற்றி, மறு டிராப்அவுட்டுக்கு இழுத்துக் கட்டி, நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்தால், வித்தியாசம் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சக்கரத்தை மாட்டிப் பார்க்கும்போது அதை ஒருமுறை திருப்பியும் மாட்டுங்கள். டயர் எதிர்ப்பக்கம் அதே அளவு விலகினால் கோளாறு சக்கரத்தில், அதே பக்கம் நின்றால் பிரேமில்.

ஃபோர்க்கை முதல்முறை விலைக்கு வாங்கிவிடுங்கள். பிரேம் விரிசல் விட்டால் பெரும்பாலும் கிரீச்சிட்டு எச்சரிக்கும். ஃபோர்க் முறிந்தால் எச்சரிக்கையின்றி ஆளைத் தூக்கி எறியும்.

ஆறிய பிரேமை வெந்நீரில் ஊறவைத்தால் வெள்ளி ஃபிளக்ஸ் கரைந்துவிடும். பித்தளையின் கண்ணாடி போன்ற படிவை அரத்தாலும் உப்புத்தாளாலும் எடுக்க வேண்டும். வெப்பத்தில் எல்லா வாய்களும் சற்றே கோணியிருக்கும் என்பதால், ஹெட் டியூபையும் சீட் டியூபையும் ரீமர் விட்டுச் சரிசெய்து, பாட்டம் பிராக்கெட்டின் முகங்களை 68 மி.மீ. அகலத்துக்குச் சமன்செய்து மரையை மறுபடி ஓட்ட வேண்டும். செயின் பக்கத்து மரை இடப்பக்கம் திரும்புவது என்பதை மரை வெட்டும் டேப்பைத் தொடும் முன் நினைவில் கொள்ளுங்கள். சீட் கிளாம்புக்கான பிளவின் அடியில் ஒரு துளை போடாவிட்டால் பிளவு விரிசலாக நீளும். பவுடர் கோட்டிங் 200 பாகைக்குள் வேகிவிடுவதால் மூட்டுகளுக்குப் பாதிப்பில்லை, ஆனால் அங்கே அமிலத் தொட்டியில் அமிழ்த்தச் சம்மதிக்காதீர்கள். துளைகள் வழியே உள்ளே போன அமிலம் முழுவதும் வெளியே வராது. மணல் வீசிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வண்ணம் பூசிய பிறகு உட்புறம் முழுக்க ஆளிவிதை எண்ணெயோ உருக்கிய மெழுகோ ஓடவிட்டு வடியவைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இதைத் தவிர்க்கவே கூடாது.

வண்ணத்துக்கு அனுப்பும் முன், வெல்டிங் பொருள் கடைகளில் கிடைக்கும் டை பெனட்ரன்ட் என்ற, விரிசலைக் காட்டும் சாயத்தைத் தெளித்து லக்குகளின் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிவப்புக் கோடு எங்கு தோன்றினாலும் அந்த மூட்டைத் திறந்து மறுபடி செய்ய வேண்டும். வண்டி ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும், கீழ்க்குழாய் ஹெட் டியூபைச் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தையும் செயின் ஸ்டேயும் பாட்டம் பிராக்கெட்டும் சேரும் இடத்தையும் துடைத்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே மயிரிழைபோல் பெயிண்ட் வெடித்திருந்தால், அதைச் சுரண்டி உலோகத்தைப் பார்க்கும்வரை அந்த வண்டியை யாரும் ஓட்டக் கூடாது.