ஃபைபரில் பழைய கார் பாடி: நம்ம ஊர் வெயிலில் அச்சு எடுக்கும் முறை

போர்ஷே 550 ஸ்பைடர் 1953 முதல் 1956 வரை மொத்தமே ஏறக்குறைய 90 கார்கள்தான் வந்தன. அசலின் மேல்தோல் அலுமினியம். அதை வாங்குவது நம்மால் ஆகாது. ஆனால் அந்த உருவத்தை ஃபைபரில் எடுத்துவிடலாம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் முழு பாடியும் எடுத்து முடித்துவிட்டேன். எடுத்த விதத்தை இங்கே எழுதுகிறேன். முதலில் பலகையிலும் ஃபோமிலும் காரின் முழு அளவு மாடல், அதன் மேல் ஃபைபரில் அச்சு, அந்த அச்சுக்குள் பாடி. வரிசை இதுதான்.

சேசி, அதாவது காரின் அடிச்சட்டம் பற்றி இதில் எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும்: பலரும் அடியில் போடுவது பழைய வோக்ஸ்வேகன் பீட்டல் சேசி. அதன் முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் உள்ள தூரம் 2400 மில்லிமீட்டர், ஸ்பைடருக்கு 2100. நடுவில் 300 மில்லிமீட்டர் வெட்டி எடுக்க வேண்டும். சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால், வெட்டுவதற்கு முன்பே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வெட்டிவிட்டுக் கேட்காதீர்கள்.

அளவும் எலும்புக்கூடும்

படத்தை மட்டும் நம்பி அளவு எடுக்க முடியாது. கிட்டத்தில் நின்று எடுத்த படத்தில் முன்பக்கம் பெருத்துத் தெரியும். நான் 1:18 பொம்மைக் கார் ஒன்றை வாங்கி, முதலில் அதன் சக்கர மையங்களுக்கு இடையே அளந்தேன். 116 அல்லது 117 மில்லிமீட்டர் வந்தால் நம்பலாம். குறைந்தாலோ கூடினாலோ வேறு பொம்மை தேடுங்கள்.

12 மில்லிமீட்டர் பிளைவுட்டில், 150 மில்லிமீட்டருக்கு ஒன்றாகக் குறுக்குப் பலகைகளை அறுத்து நிறுத்துங்கள். இடது பாதிக்கு மட்டும் தாளில் அளவுப் படம் வரைந்து, அதையே புரட்டி வலதுக்கும் வைத்து வரைய வேண்டும். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக வரைந்தால் எத்தனை கவனம் இருந்தாலும் முகம் கோணும். தரை மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயே போதும்.

பலகைகளுக்கு இடையில் பாலியூரித்தேன் ஃபோம் வையுங்கள். மீன் பெட்டியில் வரும் வெள்ளைப் பாலிஸ்டைரீன் வேண்டவே வேண்டாம். ஃபைபர் பாயை இறுக வைக்கும் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும். சரி என்று அதை வைத்தவர்கள், மேலே ரெசின் பூசியதும் உள்ளே குழி விழுவதைப் பார்த்திருப்பார்கள்.

மேற்பரப்பு

ஃபோமின் மேல் ரெசினில் நனைத்த ஓர் அடுக்கு ஃபைபர் பாய் (கண்ணாடி இழைப் பாய்), அதன் மேல் பட்டி, அப்புறம் தேய்ப்பு. 80 நம்பர் தாளில் தொடங்கி 1200 வரை போக வேண்டும். எனக்குப் பிடித்த ஒரே கருவி அரை மீட்டர் நீளமுள்ள தேய்ப்புக் கட்டை. சுழலும் மிஷின் வேகமாக வேலை செய்யும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் பறித்துவிடும். கறுப்பு ஸ்ப்ரேயை மெல்லிசாகத் தூவிவிட்டுத் தேய்த்தால் பள்ளத்தில் கறுப்பு நிற்கும், மேடு வெளுக்கும். ராத்திரியில் ட்யூப் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்து, அதன் பிம்பம் நெளிகிறதா என்று பாருங்கள். இங்கே விட்ட கீறல் அச்சிலும் வரும், அந்த அச்சிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு பாடியிலும் வரும்.

ஸ்பைடரின் விலா கீழே உள்வாங்கி வளைகிறது. ஒற்றை அச்சாக எடுத்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முன், பின், நடு என்று பிரித்து, ஒவ்வொரு எல்லையிலும் 75 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பலகையில் விளிம்பு கட்டுங்கள். பிறகு அந்த விளிம்புகளில் போல்ட் போட்டுத்தான் அச்சைச் சேர்க்க வேண்டும்.

அச்சு எடுப்பதற்கென்றே வரும் மெழுகை ஆறு முறை தடவுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேர இடைவெளி. அதன் மேல் பி.வி.ஏ. திரவத்தை ஸ்ப்ரே செய்து காயவிடுங்கள். அது காய்ந்து மெல்லிய தோலாகி, அச்சு மாடலில் ஒட்டாமல் தடுக்கும்.

ஜெல்கோட்

பாய் வைப்பதற்கு முன் முதலில் பூசும் வழவழப்பான மேல்பூச்சு ரெசின்தான் ஜெல்கோட். நான் மூன்று வாரம் இழந்தது இந்த இடத்தில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்குக் கலந்தேன். தகரத்துக்குக் கீழே அனல். இறுக வைக்கும் மருந்தான எம்.இ.கே.பி.யை நூற்றுக்கு இரண்டு பங்கு ஊற்றியிருந்தேன், பாதி பூசுவதற்குள் டப்பாவிலேயே இறுகிப் புகைந்தது. மறுநாள் அதை நூற்றுக்கு அரைப் பங்காகக் குறைத்தேன். நிதானமாகப் பூச முடிந்தது, சாயங்காலம் தொட்டால் இறுகியது போலத்தான் இருந்தது. பாய் வைத்து ரெசின் ஏற்றினேன். சில நாள் கழித்து அச்சைக் கழற்றினால் முன் மட்கார்டு முழுக்க முதலைத் தோல் போலச் சுருக்கம்.

காரணம் இதுதான். ஒரு பங்குக்குக் கீழே போனால் ஜெல்கோட் எத்தனை நாள் விட்டாலும் முழுதாக வேகாது. வேகாத ஜெல்கோட்டின் மேல் அடுத்த ரெசினின் ஸ்டைரீன் ஏறினால், அது ஊறி உப்பிச் சுருங்கும். மெல்லிசாகப் பூசினாலும் இதேதான் நடக்கும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர், "மரமே வெயில் ஏறினா பால் விடாது. நீ ஏன்யா மத்தியானத்துல நிக்கிற? பெரட்டு நேரத்துக்கு எழுந்திரு" என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரம். மருந்தை ஒரு பங்குக்குக் கீழே குறைக்காமல் நேரத்தை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு சுருக்கம்கூட வரவில்லை.

இப்போது என் முறை: முதல் நாள் காலை பதினோரு மணி வாக்கில், காற்று உலர்ந்த பிறகு பி.வி.ஏ. அடித்துக் காயவைத்து, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிடுவேன். மறுநாள் ஆறரை மணிக்குப் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் எட்டு வரை காத்திருப்பேன். ஜெல்கோட்டை அரைக் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் கலக்க மாட்டேன். மருந்து ஒன்றேகால் பங்கு, அதாவது அரைக் கிலோவுக்கு ஆறேகால் கிராம். இதைக் கண்ணால் ஊற்றவே கூடாது. நகைக்கடையில் இருப்பது போன்ற சின்ன எலெக்ட்ரானிக் தராசு வாங்குங்கள், இந்த வேலையில் செலவழிக்கும் காசிலேயே அதுதான் உருப்படியானது. ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 600 முதல் 700 கிராம் என்று இரண்டு பூச்சாகப் பூசினால் அரை மில்லிமீட்டர் கனம் வரும். விரல் வைத்தால் பிசுக்கென்று இருக்க வேண்டும், ஆனால் நிறம் விரலில் ஒட்டக் கூடாது. அப்போதுதான் பாய் வைக்கலாம்.

எம்.இ.கே.பி. கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். கடையில் கோபால்ட் (ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் திரவம்) தனியாகக் கொடுத்தால், அதையும் இதையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். முன்பே கோபால்ட் கலந்த ரெசினைத்தான் நான் வாங்குகிறேன். ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் உதவாது. கரி வடிகட்டி உள்ளது வேண்டும். மீந்த ரெசினை டப்பாவில் விடாமல் அகலமான தட்டில் ஊற்றி வெளியே வையுங்கள்.

பாய்

முதல் அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பாய். வளைவில் அதுதான் படியும். அடுத்தடுத்து 450. அச்சுக்கு ஐந்தாறு அடுக்கு, பாடிக்கு மூன்று போதும், ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வரும். ஒரே நாளில் இரண்டு அடுக்குக்கு மேல் ஏற்றாதீர்கள், சூடு கூடி வளையும். காற்றுக் குமிழை எடுக்க வரிவரியான அலுமினிய ரோலர்தான் நல்லது. பிரஷ்ஷால் குத்திக்கொண்டே இருந்தால் பாய் பிரிந்து மேடு கட்டும்.

அச்சை மாடலின் மேலேயே ஒரு வாரம் விடுங்கள். அச்சு வளையாமல் அதன் பின்புறம் ஒட்டும் தாங்குசட்டத்தை, அச்சு முழுக்க இறுகிய பிறகுதான் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதன் கோடு முகத்தில் தெரியும்.

கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். விளிம்பில் பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, இடுக்கில் தண்ணீர் ஊற்றுங்கள். பி.வி.ஏ. தண்ணீரில் கரையும். கால் மணி நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த சத்தம் அது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துச் செய்த ஒருவருக்கு அச்சு கழன்று வரவே இல்லை. விசாரித்தால், வீட்டில் இருந்த கார் பாலிஷைத் தடவியிருக்கிறார். அதில் சிலிக்கான் இருந்தால் பி.வி.ஏ. பரவாமல் முத்து முத்தாக ஒதுங்கும், அந்த இடைவெளியில் ஜெல்கோட் ஒட்டிக்கொள்ளும். முத்து விழுந்தால் அங்கேயே நிறுத்தி, பி.வி.ஏ.யைத் தண்ணீரால் கழுவி, அந்தப் பாலிஷை முழுக்க நீக்கிவிட்டு, மெழுகிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

இன்னொருவரின் அச்சு மூன்று மாதத்தில் முறுக்கிக்கொண்டது. துண்டு துண்டாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாராம். பாடி எடுக்காத நாட்களிலும் அச்சுத் துண்டுகளைச் சேர்த்து போல்ட் போட்டு, தரையில் படுக்கவைத்து, கூரைச் சூட்டிலிருந்து தள்ளியே வையுங்கள்.