மஞ்சள் நோட்டீஸ் (திவால் அறிவிப்பு) கொடுப்பதற்கு முன்: நோய்க் காலத்துக் கடனைச் சமாளிக்க

வேலை நின்றுபோய் இ.எம்.ஐ. மட்டும் நிற்காமல் வருகிறதா, முதலில் ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். வங்கி, நகைக்கடன், மகளிர் குழு, கார்டு, கைமாற்று, வீட்டுக்குச் சொல்லாமல் வாங்கிய வட்டிப் பணம் எல்லாம். பக்கத்திலேயே வட்டியை வருடக் கணக்கில் போடுங்கள். அஞ்சு வட்டி என்று சாதாரணமாகச் சொல்கிறோம், அது வருடத்துக்கு 60 சதவீதம். 16 சதவீத வங்கித் தவணையைக் கட்ட அந்த 60ஐ வாங்காதீர்கள், தயவு செய்து. 2020 ஊரடங்கில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த அண்ணன் அப்படித்தான் வாங்கினார். தீபாவளித் துணி வரும் நேரத்தில் மெஷின் வட்டிக்காரர் வீட்டில் இருந்தது.

அரிசி, வாடகை, மருந்து, இந்த மூன்றுக்கும் எடுத்து வைத்த பிறகுதான் கடன். அதிலும் வீடும் நகையும் எதில் மாட்டியிருக்கிறதோ அதற்கு முதலிடம். கார்டுக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அவர் பிறகுதான்.

தவணை தவறும் முன்பே வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனாவின்போது 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது, அதைத் தள்ளுபடி என்று நம்பியவர்கள் ஏராளம். 3 லட்சம் பாக்கிக்கு 16 சதவீதம் என்றால் அந்த ஆறு மாதத்தில் 24,000 ரூபாய் வட்டி ஏறிவிடும். பிறகு திரும்பக் கிடைத்தது வட்டிக்கு வட்டி மட்டும்தான். அதனால் கையில் இருந்தால் கட்டிவிடுங்கள், இல்லாதபோது மட்டும் ஒத்திவைப்போ தவணைக் காலத்தை நீட்டுவதோ கேளுங்கள். கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

சரி, எதுவுமே முடியவில்லை, அப்புறம்? மஞ்சள் நோட்டீஸ். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் நோட்டீஸ் அனுப்பியதோடு கடன் தீராது. 2016 திவால் சட்டம் சாதாரண தனிநபருக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம், இரண்டிலுமே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். திவாலானவர் என்று அறிவித்துவிட்டால் உங்கள் சொத்து நீதிமன்றத்தின் கைக்குப் போகும், நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட முடியாது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைவினைத் தொழிலாளியின் கருவிகள் ஆகியவற்றில் கைவைக்க மாட்டார்கள். அந்த அண்ணனின் மெஷினும் இப்படித் தப்பியிருக்கலாம்.

இரண்டு விஷயம் கட்டாயம் யோசியுங்கள். வீட்டை அடமானம் வைத்திருந்தால் அந்த வங்கியை இந்த மனு தடுக்காது. உங்களுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானுக்கும் விடுதலை இல்லை, அவரிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மனுவுக்கு முன்னால் சொத்தை மனைவி பேருக்கு மாற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், நீதிமன்றம் அதை ரத்து செய்துவிடலாம்.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். போகும்போது கடன் எழுதிய அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.